படத்துக்குள் எந்த ஊர் வெயில்?

தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் வீடு கட்டும் இடத்துக்குப் போனால் ஒரு காட்சி கண்ணில் படும். பிளான் தாள் நாலாக மடித்து சிமெண்ட் மூட்டைமேல் கிடக்கும். காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு அரைச் செங்கல். மேஸ்திரியின் கையில் இருப்பதோ போன். வாட்ஸ்அப்பில் வந்த ‘3டி எலிவேஷன்’ படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, பால்கனி கைப்பிடிச் சுவருக்கு எத்தனை வரிச் செங்கல் வரும் என்று எண்ணிக்கொண்டிருப்பார். அந்தப் படத்தில் ஓர் அளவும் குறிக்கப்பட்டிருக்காது. இருந்தாலும் வீட்டுக்காரர் பார்த்துத் தலையாட்டியது அதைத்தான். தாளில் உள்ள கோடுகள் அவருக்குப் புரிந்ததும் இல்லை, புரிகிறதா என்று யாரும் கேட்டதும் இல்லை. ‘படத்துல இருக்கற மாதிரியே வரணும்’ என்று அவர் சொன்ன ஒரு வரிதான் நடைமுறையில் ஒப்பந்தம்.

காட்டுவதற்காகச் செய்த படம் இப்படிக் கட்டுவதற்கான ஆவணமாக மாறிவிட்டது. ஆகவே அது எதனால் ஆனது என்று கேட்டாக வேண்டும். கணினியில் உருவாக்கும் இத்தகைய ‘ரெண்டர்’ படத்தில் இரண்டு வகைச் சரக்கு கலந்திருக்கிறது. ஒன்று கணக்கு: இந்தச் சுவரில் பட்ட ஒளி அந்தத் தரையில் எவ்வளவு விழும் என்று இயற்பியலின்படி போட்ட கூட்டல். மற்றொன்று விருப்பம்: சூரியனை எங்கே வைப்பது, கேமராவை எங்கே நிறுத்துவது, எதைப் படத்துக்குள் விடாமல் தள்ளுவது. இரண்டுக்கும் நடுவே தையல் தெரியாது. கணக்கு எவ்வளவு துல்லியமாகிறதோ, அதன் நிழலில் விருப்பமும் அவ்வளவு உண்மைபோல் தோன்றத் தொடங்குகிறது.

இந்தக் கவலை கணினிக்கு முந்தியது. 1485இல் அச்சேறிய தன் கட்டடக்கலை நூலில் லியோன் பத்திஸ்தா ஆல்பர்ட்டி, ஓவியன் வரைவதையும் கட்டடக்கலைஞன் வரைவதையும் பிரித்து வைத்தார். ஓவியனுக்கு நிழலும் தூரத்தில் சுருங்கும் கோடுகளும் வேண்டும்; கட்டடக்கலைஞனுக்குத் தளவரைபடமும் உண்மையான அளவும் போதும். சிறு மாதிரி செய்தால்கூட வண்ணம் பூசிப் பளபளப்பாக்காதே, வெறுமையாகச் செய் என்றார். பார்ப்பவன் செய்நேர்த்தியில் மயங்கி, யோசனையைச் சோதிக்க மறந்துவிடுவான் என்பது அவர் அச்சம். இத்தனைக்கும் ஓவியத்தில் தூரக்காட்சியை எப்படி வரைவது என்று முதன்முதலில் விளக்கி எழுதியவரும் அவரேதான். கருவியை நன்றாக அறிந்தவர் சொன்ன எச்சரிக்கை என்பதால் அதற்கு எடை கூடுதல்.

எச்சரிக்கையை எல்லோரும் கேட்கவில்லை. 1788 முதல் இங்கிலாந்தில் தோட்ட வடிவமைப்பாளராக இருந்த ஹம்ஃப்ரி ரெப்டன், வாடிக்கையாளருக்கென்று சிவப்புத் தோலால் கட்டிய கையெழுத்துப் புத்தகங்களைத் தயாரித்தார். அவற்றின் நீர்வண்ணப் படங்களில் ஒரு மடிப்புத் தாள் ஒட்டியிருக்கும். மூடியிருந்தால் இப்போதைய நிலம். தூக்கினால் ரெப்டன் செய்யப்போகும் நிலம். இன்று திரையில் விரலால் இடமும் வலமும் தள்ளிப் பார்க்கும் ‘முன்–பின்’ படங்களின் பாட்டன் இதுதான். 1816இல் வந்த அவருடைய நூலில் தன் சொந்தக் குடிசையின் முற்றத்தையே இப்படி வரைந்திருக்கிறார். மடிப்பை மூடினால் வேலிக்கு அப்பால் ஒரு பிச்சைக்காரர் நிற்கிறார். எதிரே இறைச்சி தொங்கும் கசாப்புக் கடை. மடிப்பைத் தூக்கினால் பூச்செடிகள் வந்துவிட்டன, கடை மறைந்துவிட்டது, பிச்சைக்காரரும் போய்விட்டார். கடையை ரோஜாக் கொடி மறைத்தது சரி, அந்த மனிதரை எது மறைத்தது? இந்தப் படத்தைப் பார்த்த பிறகு அடுக்குமாடி விளம்பரப் படங்களை முன்போல் பார்க்க முடிவதில்லை. மின்கம்பம், சின்டெக்ஸ் தொட்டி, காயப்போட்ட துணி, ஏசியின் வெளிப்பெட்டி, தெருமுனை டீக்கடை எல்லாமே ரெப்டனின் பிச்சைக்காரர் போன வழியிலேயே போயிருக்கின்றன.

இனி கணக்கின் கதை. 1970களின் கணினிப் படங்களில் ஒரு பரப்பு விளக்கிலிருந்து நேரடியாக எவ்வளவு ஒளி வாங்குகிறது என்பது மட்டுமே கணக்கில் வந்தது. ஒரு பொருள் மற்றொரு பொருளுக்கு ஒளி கொடுக்கும் என்பது அதில் இல்லை. 1980இல் டர்னர் விட்டட், கண்ணிலிருந்து கதிர்களைப் பின்னோக்கி எய்து, அவை கண்ணாடியில் எதிரொளித்தும் பளிங்கில் வளைந்தும் எங்கே போகின்றன என்று தொடரும் முறையை வெளியிட்டார். பளபளக்கும் கோளங்கள் அழகாக வந்தன. ஒரே ஒரு படத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் பிடித்தது. ஆனால் நம் வீட்டு அறைகள் பளிங்குக் கோளங்களால் ஆனவை அல்லவே. மினுக்கமில்லாத சுண்ணாம்புச் சுவர்கள், ஜன்னல் வழி வரும் மங்கல் ஒளி, தரையில் பட்டுச் சீலிங்குக்கு ஏறும் வெளிச்சம்: இதுதான் ஓர் அறை. இதைக் கணக்கிட விட்டடின் முறை போதவில்லை.

விடை வந்தது நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து. அங்கே கணினி வரைகலைத் துறையைக் கட்டியெழுப்பிய டொனால்ட் கிரீன்பெர்க் கட்டடக்கலையும் பொறியியலும் படித்தவர். 1974லேயே கட்டடக்கலையில் கணினிப் படங்கள் பற்றி ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதியவர். அவரது குழு 1984இல் ‘ரேடியோசிட்டி’ முறையை முன்வைத்தது. யோசனை வெப்பப் பொறியியலிலிருந்து எடுத்தது. உலைக்குள் ஒரு சுவர் மற்றொரு சுவருக்கு எவ்வளவு வெப்பம் அனுப்பும் என்று பொறியாளர்கள் ஏற்கெனவே கணக்குப் போட்டுவந்தார்கள். வெப்பத்தின் இடத்தில் ஒளியை வைத்தால், ஒவ்வொரு சுவர்த் துண்டும் மற்ற எல்லாத் துண்டுகளோடும் ஒளியைக் கொடுத்து வாங்கும் ஒரு பெரிய சமன்பாட்டுத் தொகுப்பு கிடைக்கிறது.

இதைச் சோதிக்க அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு வெற்றுப் பெட்டி. இன்று நன்கு அறியப்பட்ட வடிவத்தில் அதன் ஒரு பக்கச் சுவர் சிவப்பு, எதிர்ச் சுவர் பச்சை, மற்றவை வெள்ளை, கூரையில் ஒரு விளக்கு. கணினி போட்ட படத்தில் வெள்ளைச் சுவரின் ஓரம் லேசாகச் சிவந்திருந்தது. யாரும் அங்கே சிவப்பு பூசவில்லை. பக்கத்துச் சுவரில் பட்ட ஒளி நிறத்தையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. உள்ளலங்காரம் செய்பவர்களுக்கு இது கைப்பழக்கத்தில் தெரிந்த விஷயம். சிவப்பு ஆக்சைடு தரை போட்ட பழைய வீட்டுக் கூடத்தில் மத்தியானம் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் முகத்தின் கீழ்ப்பாதி கொஞ்சம் சிவந்தே தெரியும். அந்தச் சிவப்பு முதல்முறையாகக் கணக்கில் ஏறியது.

1986இல் அதே இடத்தில் மற்றொரு சோதனை. உண்மையான பெட்டியையும் கணினிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, எது நிஜம் என்று கேட்டார்கள். பதில்கள் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மேலாக இல்லை. காலியான பெட்டிதான், ஆனாலும் கண்ணை ஏமாற்றும் எல்லை அந்த ஆண்டே கடக்கப்பட்டுவிட்டது. அதே 1986இல் ஜேம்ஸ் கஜியா, ஒளி பரவலின் எல்லா வகைகளையும் ஒரே சூத்திரத்துக்குள் அடக்கினார். இன்றைய ரெண்டர் மென்பொருள்கள் பெரும்பாலும் அந்தச் சூத்திரத்துக்கு விடை தேடும் வெவ்வேறு வழிகள்தாம். 1990இல் டாஸ் கணினிகளுக்கு வந்த 3டி ஸ்டுடியோ, 2000இல் வந்த ஸ்கெட்ச்அப், பல்கேரியாவிலிருந்து வந்த வி-ரே, இரவெல்லாம் ரெண்டர் ஓடவிட்டுக் காத்திருந்த காலத்துக்கு முடிவுகட்டிய லுமியன், என்ஸ்கேப் போன்றவை என்று கட்டடப் படக் கருவிகளின் பட்டியல் நீளும். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஒரு சிறு அலுவலகத்தில் இவற்றில் இரண்டு மூன்றாவது இருக்கும்.

கணக்கு எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதற்கு அறைகலன் நிறுவனமான ஐகியா ஒரு நல்ல சாட்சி. அந்த நிறுவனம் தன் விற்பனைப் பட்டியலில் முதல் கணினிப் படத்தை 2006இல் சேர்த்தது: பெர்டில் என்ற மர நாற்காலி. யாரும் கண்டுபிடிக்கவில்லை. 2014இல் நிறுவனத்தினர் வெளியில் சொன்னபோது, தனிப்பொருள் படங்களில் முக்கால்பங்கு கணினியில் செய்தவையாகிவிட்டன. ஜெர்மனிக்கு ஒரு சமையலறை, ஜப்பானுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று என்று நிஜமாகவே கட்டி, படம் எடுத்து, பிரித்துப் போடும் செலவு மிச்சம். அவர்களே சொன்ன ஒரு நிகழ்ச்சி சுவையானது. படங்களின் தரம் சரியில்லை, ரெண்டர் படங்கள் மோசமாக இருக்கின்றன என்று உள்ளே புகார் எழுந்தது. மோசமானவை எவை என்று பார்த்தால் அவை புகைப்படங்கள். நன்றாக இருப்பவை ரெண்டர்கள். அதன்பின் அவர்கள் புகைப்படக்காரர்களுக்கு 3டியும், 3டி கலைஞர்களுக்குப் புகைப்படக் கலையும் கற்றுக்கொடுத்தார்கள். இந்த இரண்டாவது பாதியைத்தான் நம்மூரில் பலர் விட்டுவிடுகிறார்கள். மென்பொருள் கற்றுத்தரும் பயிற்சி மையங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. ஓர் அறையில் காலை பத்து மணிக்கு வெளிச்சம் எப்படி நகர்கிறது என்று உட்கார்ந்து பார்க்கச் சொல்லும் பாடம் எதிலும் இருப்பதாகத் தெரியவில்லை.

நாற்காலிக்கு ஊர் இல்லை. வீட்டுக்கு உண்டு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்கெட்ச்அப்பை உருவாக்கிய நிறுவனம் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்ற ஊரைச் சேர்ந்தது. அதன் நினைவாகவோ என்னவோ, புதிய கோப்பு ஒன்றைத் திறந்தால் அதன் இருப்பிடம் போல்டர் என்றே இருக்கும். நாமாக ஊரை மாற்றாவிட்டால் தாம்பரத்து வீட்டின்மேல் கொலராடோ வெயில் அடிக்கும். போல்டர் வடக்கு அட்சரேகை 40 பாகையில் இருக்கிறது; சென்னை 13இல். வித்தியாசம் சிறியதல்ல. டிசம்பர் 21 நண்பகலில் போல்டரில் சூரியன் அடிவானத்திலிருந்து 26 பாகை சொச்சத்தில் தாழ்ந்து நிற்கும். சென்னையில் 53 பாகைக்கு மேல். தெற்குப் பார்த்த ஒரு ஜன்னல். லிண்டல் மட்டம் ஏழடி. மேலே இரண்டடி சன்ஷேடு. போல்டர் வெயில் அந்த அறைக்குள் சுமார் பன்னிரண்டு அடி நீளத்துக்குப் பொன்விரிப்பு விரிக்கும். சென்னை வெயில் ஜன்னலோரம் மூன்றடி சொச்சத்தோடு நின்றுவிடும். சோபாவின் மேலும் கார்ப்பெட்டின் மேலும் சாய்ந்து விழும் அந்தப் பொன் ஒளி, படத்தைப் பார்த்தவர் மனத்தில் வீடாகவே பதிந்துபோன ஒளி, அவர் வாழப்போகும் கூடத்துக்குள் அவ்வளவு தூரம் வரப்போவதில்லை.

வடக்குச் சுவரில் இன்னும் விபரீதம். ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னையில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. அதிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம்வரை நண்பகலில் வடக்குப் பக்கமே நிற்கிறது. கத்திரி வெயில் காலம் முழுவதும் இதற்குள் அடக்கம். போல்டரில் நண்பகல் சூரியன் ஒருநாளும் வடக்கே போகாது. ஆகவே அந்தக் கணக்கை நம்பி, வடக்கே வெயிலே வராது என்று பெரிய கண்ணாடி வைத்து, சன்ஷேடைக் குறைத்தால், படம் குளுகுளுவென்று இருக்கும். மே மாதக் காலைகளும் மாலைகளும் அப்படி இரா. மென்பொருளுக்கு இது தெரியும். ஊர், தேதி, மணி மூன்றையும் கொடுத்தால் சூரியனைச் சரியான இடத்தில் வைத்துக் காட்டும். ஆனால் பெரும்பாலான படங்களில் அந்தச் சூரியனையே அணைத்துவிட்டு, எங்கோ ஐரோப்பாவில் எடுத்த வானப் படம் ஒன்றைச் சுற்றிலும் போர்த்தி, அழகான கோணம் வரும்வரை அதைச் சுழற்றுகிறார்கள். ஒளி பரவும் விதம் முழுக்கச் சரி. ஒளி வரும் திசை முழுக்கக் கற்பனை.

கேமராவுக்கும் இதே கதை. பத்தடி தூரத்திலிருந்து சாதாரண 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஏழடி சொச்சம் அகலத்தைத்தான் பிடிக்கும். 24 மில்லிமீட்டர் லென்ஸ் பதினைந்தடியைப் பிடிக்கும். பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறை ஓட்டல் அறைபோலத் தெரிவதன் ரகசியம் இதுதான். அதுவும் போதாவிட்டால் கேமராவைச் சுவருக்கு வெளியே நிறுத்திவிட்டு, குறுக்கே நிற்கும் சுவரை மட்டும் படத்திலிருந்து நீக்கலாம். அதாவது அந்தக் காட்சியைக் காண வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக் குளியலறையில் நிற்க வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய விருப்பம் எக்ஸ்போஷர் என்பேன். மெய்யான கேமராவைப் போலவே ரெண்டரிலும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இருட்டறையையும் கூட்டிவைத்தால் வெளிச்ச அறையாகத் தெரியும். மூன்றடிச் சந்தைத் தாண்டி அடுத்த வீட்டுச் சுவர் நிற்கும் மனையில், அந்த ஜன்னலால் கிடைக்கும் வெளிச்சம் எவ்வளவு என்பது சந்தின் அகலத்தைப் பொறுத்தது. படத்தில் சந்தே இல்லை. பக்கத்து மனையில் புல்வெளி. புல்வெளியும் வானமும் கொடுக்கும் ஒளியை மென்பொருள் நேர்மையாகக் கூட்டிச் சொல்கிறது. சுவரைக் கொடுத்திருந்தால் சுவரையும் அதே நேர்மையோடு கூட்டியிருக்கும்.

வெளிச்சத்தை அளப்பதற்கென்றே செய்த மென்பொருளும் இருக்கிறது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிரெக் வார்ட் 1985இல் தொடங்கிய ‘ரேடியன்ஸ்’, படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் உண்மையான ஒளி அளவைத் தரும்; படிக்கும் மேசைமேல் போதிய வெளிச்சம் உண்டா என்று அதனிடம் கேட்கலாம். பல்கலைக்கழகங்களிலும் பசுமைக் கட்டடச் சான்றிதழ் தேடும் பெரிய திட்டங்களிலும் அதைக் காண முடியும். ஆயிரம் சதுர அடி வீட்டுக்காரருக்கு அது எட்டுவதில்லை.

விருப்பத்துக்குக் கடிவாளம் போட்ட ஊரும் உண்டு. லண்டனில் செயின்ட் பால் தேவாலயக் குவிமாடம் தெரியும் காட்சிகளுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. அங்கே உயரமான கட்டடம் எழுப்ப விரும்புபவர், சரிபார்க்கத்தக்க படங்களைத் தர வேண்டும். கேமரா நின்ற இடம் நில அளவைக் கருவியால் அளக்கப்படும், லென்ஸ் குறிக்கப்படும், கட்டடத்தின் மாதிரி அந்தப் புகைப்படத்தின்மேல் அளவோடு பொருத்தப்படும். படத்துக்குப் பூஜ்யம் முதல் மூன்று வரை நான்கு நிலைகள்: இடமும் பருமனும் மட்டும், பிறகு எவ்வளவு கண்ணில் படும் என்பது, பிறகு உருவ விவரம், கடைசியாகத்தான் பொருளும் நிறமும். கண்ணாடி மினுக்கத்துக்கு வரிசையில் கடைசி இடம் கொடுத்ததில் ஆல்பர்ட்டியின் சாயல் தெரிகிறது.

இந்தியாவில் கடிவாளம் சட்டத்தின் வழியாக வந்தது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பி முன்பணம் கட்டியவர், அதிலிருந்த தவறான தகவலால் நஷ்டப்பட்டால் கட்டுநர் ஈடு செய்ய வேண்டும் என்கிறது. விலக விரும்பினால் கட்டிய தொகை முழுவதையும் வட்டியோடு திரும்பக் கேட்கலாம். நல்ல பிரிவு. ஆனால் படத்தின் ஓரத்தில் எறும்பெழுத்தில் ‘இது கலைஞரின் கற்பனை’ என்ற வரி இருக்கும். நீச்சல்குளம் காட்டிவிட்டுக் கட்டாவிட்டால் பொய் என்று நிறுவலாம். மாலை வெயிலை எந்தத் தீர்ப்பாயத்தில் நிறுவுவது?

அரசாங்கங்களே படத்தின் மயக்கத்துக்கு வெளியே இல்லை. 2010 மார்ச்சில் சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் புதிய சட்டமன்றக் கட்டடம் திறக்கப்பட்டபோது அதன் கோபுரக் கூரை கட்டி முடியவில்லை. திறப்பு நாளுக்காகத் திரைப்படக் கலை இயக்குநர் தோட்டாதரணியைக் கொண்டு தற்காலிகக் கூரை அமைத்தார்கள். முழு அளவில், தெருவில் நின்று பார்க்கத்தக்க ரெண்டர் என்று அதைச் சொல்லலாம். ஆந்திரத்தின் அமராவதிக்கு லண்டனின் ஃபாஸ்டர் நிறுவனம் வடிவங்கள் தந்துகொண்டிருந்த 2017இல், முதலமைச்சர் தரப்பு ஆலோசனைக்கு அழைத்தது இயக்குநர் ராஜமௌலியை. பாகுபலியின் மகிழ்மதியைப் பார்த்த கண்ணுக்குக் கட்டடக்கலைஞரின் படம் சப்பென்றிருந்ததில் வியப்பில்லை.

இவ்வளவும் சொன்னதால் ரெண்டரே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. எந்தக் கட்டத்தில், எவ்வளவு முடிந்ததுபோலக் காட்டுவது என்பதில்தான் கைத்திறன். 1990களின் நடுவில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஒரே கட்டடத்தைக் கையால் கிறுக்கியது போன்ற கோட்டுப் படமாகவும், வழக்கமான கணினிப் படங்களாகவும் செய்து கட்டடக்கலைஞர்களிடமும் மாணவர்களிடமும் காட்டினார்கள். முதல் சந்திப்பில் வாடிக்கையாளருக்கு எதைக் காட்டுவீர்கள் என்றபோது அதிகம் பேர் கிறுக்கலைத் தேர்ந்தார்கள். இறுதிக் கட்டத்துக்கு மற்றவற்றை. காரணம் யூகிக்கக்கூடியது. நடுங்கிய கோடு ‘இன்னும் மாற்றலாம்’ என்று சொல்கிறது. முதல் நாளே மினுமினுப்பாகக் காட்டினால், பேச்சு அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவர் வேண்டுமா என்பதை விட்டுவிட்டு, டிவி யூனிட்டின் லேமினேட் நிறத்துக்குப் போய்விடும். அனுபவமுள்ளவர்கள் இதனால்தான் முதலில் எல்லாப் பரப்பையும் ஒரே களிமண் நிறத்தில் வைத்து ரெண்டர் போடுகிறார்கள். ஒளியும் வடிவமும் மட்டும் தெரியும். சண்டைபோட நிறம் இருக்காது. அதைப் போல்டரிலிருந்து சொந்த ஊருக்கு மாற்றி, பக்கத்து வீட்டையும் ஒரு சாம்பல் பெட்டியாக நிறுத்தி, மே மாதம் மூன்று மணிக்கும் டிசம்பர் காலைக்கும் ஒவ்வொரு படம் போட்டால், கூடுதல் வேலை அரை நாள்தான். கேட்பவர்கள் குறைவு என்பதால் கொடுப்பவர்களும் குறைவு.

இப்போது கணக்கையே கழற்றிவைத்துவிட்ட படங்கள் வந்துவிட்டன. 2022க்குப் பிறகு பரவிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் ‘நவீன இரண்டு மாடி வீடு, மர வேலைப்பாடு, மாலை ஒளி’ என்று எழுதினால் ஒரு நிமிடத்துக்குள் நாலு எலிவேஷன் தருகின்றன. அந்தப் படத்துக்குப் பின்னால் முப்பரிமாண மாதிரி கிடையாது, தளவரைபடமும் கிடையாது. இதுவரை பார்த்த பல்லாயிரம் படங்களின் சாயலில் வரைந்த இன்னொரு படம், அவ்வளவுதான். சூரியன் எங்கே என்று அதனிடம் கேட்க முடியாது, ஏனென்றால் அதற்குள் சூரியனே இல்லை. அப்படிப்பட்ட படமும் வாட்ஸ்அப்பில் வந்து சேர்கிறது. மேஸ்திரி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறார். வெளிப்படிக்கட்டு ஒன்பது படி ஏறி, ஒரு சுவருக்குள் நுழைந்து நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சிமெண்ட் மூட்டைமேல் கிடக்கும் தாளை எடுத்து உதறி விரிக்கிறார்.